கறுப்புத் திரையில் கொம்பும் காலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் நிற்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் திரையை எட்டிப் பார்த்திருப்பீர்கள். படம் கிடையாது, மவுஸைத் தேடும் வேலையும் கிடையாது. எழுத்துகள் மட்டும் வரிசை கட்டி நிற்கும். அந்த மாதிரித் திரைக்கு டெர்மினல் என்று பெயர். ஒரு காலத்தில் கடிதம், கட்டுரை, ஆய்வேடு எல்லாமே அதில்தான் எழுதப்பட்டன. இன்றும் லினக்ஸில் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. வேர்ட்கிரைண்டர் என்று அதற்கென்றே ஒரு சொற்செயலி இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் டெஸ்க்டாப் செயலிகள். இவற்றில் பலவும், நிரலை ஒருமுறை எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்ட உதவும் கருவிகளால் கட்டப்பட்டவை. க்யூட், எலக்ட்ரான், டௌரி என்று அந்தக் கருவிகளுக்குப் பெயர். தமிழில் எழுத ஒரு நல்ல மென்பொருள் செய்ய வேண்டும் என்று புறப்படுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சார், டெர்மினல்லயே செய்யலாமா, இல்ல டெஸ்க்டாப் ஆப்பா போயிடலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து சேர்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்வேன். வேகம், அழகு, எடை எல்லாம் பிறகு. ஒரு வரி தமிழ் அதில் ஒழுங்காக நிற்கிறதா, அழித்தால் அழிய வேண்டியதுதான் அழிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்படிச் சொல்வதால் எனக்கு டெர்மினல் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதன் மேல் தீராத ஆசை. காரணம், வேர்ட்ஸ்டார்.

1978இல் அமெரிக்காவில் மைக்ரோப்ரோ என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. நிறுவனர் செய்மூர் ரூபின்ஸ்டைன்; நிரலை எழுதியவர் ராப் பார்னபி. அது முதலில் ஓடியது சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் கொண்ட கணினிகளில். அவற்றின் நினைவகம் பொதுவாக அதிகபட்சம் 64 கிலோபைட். அந்த இடத்துக்குள் ஒரு முழு சொற்செயலி! அன்றைய விசைப்பலகைகள் பலவற்றில் அம்புக்குறி விசையே கிடையாது. அதனால் என்ன செய்தார்கள்? கன்ட்ரோலைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு இ தட்டினால் கர்சர் மேலே போகும், எக்ஸ் தட்டினால் கீழே. எஸ் இடப்பக்கம், டி வலப்பக்கம். கீபோர்டை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நான்கு விசைகளும் இடது கையின் விரல்களுக்குக் கீழேயே, போக வேண்டிய திசையிலேயே இருக்கின்றன. இன்னும் ஒரு விசை தள்ளி, ஏ என்றால் ஒரு சொல் பின்னால், எஃப் என்றால் ஒரு சொல் முன்னால். கை இடம் மாறவே வேண்டாம்.

எங்கள் ஊர் கோர்ட் வாசலில் ஒரு ஜாப் டைப்பிங் கடை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே வேலை பார்த்த அக்காவைப் பற்றி நான் எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்கிறேன். வக்கீல் கிறுக்கிக் கொடுத்த காகிதம் இடது பக்கம் கிளிப்பில் தொங்கும். அக்காவின் கண் அதில்தான் இருக்கும், திரைக்கு வராது. எல்லா அஃபிடவிட்டிலும் திரும்பத் திரும்ப வரும் பத்திகளைத் தனித்தனி ஃபைலாக வைத்திருப்பார். அந்த இடம் வந்ததும் கன்ட்ரோல் கே, ஆர், ஃபைல் பெயர், என்டர். பத்தி வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமா? தொடக்கத்தில் கே-பி, முடிவில் கே-கே. அவ்வளவுதான், குறி அங்கேயே நிற்கும். நீங்கள் பத்துப் பக்கம் தள்ளிப் போய், வேறு வேலை பார்த்துவிட்டு, பிடித்த இடத்தில் கே-வி அடித்தால் பத்தி அங்கே வந்துவிடும். இன்றைய செயலிகளில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறு இடத்தில் சும்மா ஒரு கிளிக் செய்து பாருங்கள், தேர்வு போய்விடும். எழுதுகிற மனம் எப்படி அலையும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

ஆனால் அதே அக்கா, தமிழில் ஒரு மனு வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய்விடுவார். அங்கே தமிழ் டைப்ரைட்டர். கொம்பை முதலில் அடிப்பார், அப்புறம் எழுத்து, அப்புறம் கால். அந்த மாதிரித் திரையில் தமிழுக்கு இடமில்லை. ஏன் இல்லை என்பதில்தான் நம் ஒப்பீடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

டெர்மினல் திரை என்பது கட்டங்கள். பெரும்பாலும் ஒரு வரிக்கு 80 கட்டம், 24 வரி. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. நிரல், "பத்தாவது வரி, இருபதாவது கட்டம், இந்த எழுத்து" என்று சொன்னால் போதும். வரைவது டெர்மினலின் பொறுப்பு. அதனால்தான் வேர்ட்ஸ்டாரை நிறுவும்போது "உங்கள் டெர்மினல் எது?" என்று ஒரு பட்டியல் வரும். பதிலைச் சொன்னால் எந்த நிறுவனத்தின் திரையிலும் ஓடும். பல தளங்களில் ஓடும் மென்பொருள் என்று இன்று பெரிதாகப் பேசுகிறோமே, அதை இந்தக் கட்டங்கள் அன்றைக்கே சாதித்துவிட்டன.

ஆங்கிலத்துக்குக் கட்டம் பொருந்தும். இப்போது "கொடி" என்று எழுதுங்கள். அதன் முதல் எழுத்தான "கொ"வை மட்டும் பாருங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அது க, அதன்பின் ஒகரக் குறி, ஆக இரண்டே குறியீடுகள். திரையில் கொம்பு, க, கால் என்று மூன்று உருவம். அதிலும் பின்னால் வந்த குறியின் ஒரு பாதி முன்னால் போய் நிற்க வேண்டும். எத்தனை கட்டம் ஒதுக்குவது? இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். யூனிகோட் அட்டவணையில் இகரக் குறி இடம் எடுத்துக்கொள்ளும் குறி என்றும், ஈகாரக் குறி இடம் எடுக்காத குறி என்றும் பதிவாகியிருக்கிறது. அட்டவணையை அப்படியே பின்பற்றும் டெர்மினலில் "மி"க்கு இரண்டு கட்டம், "மீ"க்கு ஒரே கட்டம்! விளைவு, மீன் என்று அடித்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கர்சர் ஒரு இடத்தில் நிற்கும், பேக்ஸ்பேஸ் வேறு இடத்தில் அழிக்கும். எழுதுகிறவருக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

இதைத் தீர்க்க நம் நாட்டிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஐஐடி கான்பூரில் பிறந்து, புனேயில் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் தொழில்நுட்பம். கணினிக்குள் ஒரு அட்டையைச் செருகினால், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் வேர்ட்ஸ்டார், தரவுகளைச் சேமித்து வைக்கும் டிபேஸ் போன்றவற்றிலேயே இந்திய மொழிகளில் எழுதலாம். எழுத்தை வடிவமைக்கும் வேலையை அட்டை பார்த்துக்கொண்டது.

இன்றைக்கு அந்த அட்டையின் வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல் தொகுப்பு. குறியீடுகளை வாங்கிக்கொண்டு, எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்ட், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நான் சொன்ன டெஸ்க்டாப் கருவிகளுக்கு உள்ளேயும் பெரும்பாலும் அதுதான். நடுவில் வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: வரி ஒழுங்காக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தச் சோதனையில் டெஸ்க்டாப் கருவிகள் தேறிவிடுகின்றன, டெர்மினல்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன.

அப்படியானால் விலை என்ன? எடை. எலக்ட்ரான், 2013இல் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் (Atom) என்ற தன் நிரல் எழுதும் எடிட்டருக்காகத் தொடங்கியது. குரோமின் மூலமான குரோமியம் உலாவியையே ஒவ்வொரு செயலியும் தனக்கென்று முழுதாகச் சுமந்து வரும். கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அடுப்பு, சிலிண்டர், அண்டாவோடு வருவது மாதிரி. ஒரு வெற்றுச் செயலியே நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடங்களில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளை நினைத்தால், எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. டௌரி அந்த உலாவியைச் சுமப்பதில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் இணையக் காட்சிக் கருவியைப் பயன்படுத்திக்கொள்கிறது. க்யூட், நார்வேயில் தொடங்கி 1995இல் வெளியானது; உலாவியே வேண்டாம், எழுத்தையும் ஜன்னலையும் தானே வரையும். நீண்ட கட்டுரை எழுதும் செயலிக்கு நான் க்யூட்டைத்தான் சொல்வேன். அதிலேயே வேர்ட்ஸ்டாரின் விசைகளைக் கொண்டுவந்து வையுங்கள் என்றும் சொல்வேன். தடுப்பவர் யாருமில்லை.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. ஃப்ளட்டர், ஜாவா, லாசரஸ் என்று செயலி கட்ட உதவும் வேறு கருவிகள் பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கும் சோதனை ஒன்றுதான். காகிதம் இருந்தால் இந்தச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: கொய்யா, கோயில், கௌளி, மின்மினி, மீன், ஸ்ரீ. எந்தச் செயலியிலும் இவற்றை ஒரே வரியில் அடியுங்கள். அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகருங்கள். கொம்புக்கும் க-வுக்கும் நடுவில் கர்சர் நிற்கக் கூடாது. பிறகு பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழியுங்கள். டௌரியில் செய்கிறவர்கள் மட்டும் இதை மூன்று தளத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் விண்டோஸில் எழுத்தைக் காட்டுவது ஒரு எஞ்சின், மேக்கிலும் லினக்ஸிலும் வேறு. வணக்கம்.