கழுத்துக் கறுப்பு அழுக்கில்லை

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். வளரும் பிள்ளைகளின் உடல் பருமனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடையில் தொடங்கப் போவதில்லை, கழுத்தில் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் தன் 13 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சரியாகவே குளிக்க மாட்டேங்கிறான் டாக்டர், கழுத்தைப் பாருங்க" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அதன்மேல் ஆங்காங்கே தோல் உரிந்து சிவந்திருந்தது. பயத்தமாவு போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார், போகவில்லை. கடைசியில் பீர்க்கை நார். பள்ளிக்கூடத்தில் பின்வரிசைப் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று காலரைத் தூக்கி மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு போகிறானாம், சித்திரை வெயிலில்.

விரலால் தடவிப் பார்த்தேன். வெல்வெட் துணியைப் போலத் தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அக்குளிலும் அப்படியே. "ஆச்சி, இது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இது உள்ளேயிருந்து வருவது" என்றேன். அந்தப் பையன் அப்போதுதான் முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? நம் ஊர் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்று அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிடுகிறீர்கள், காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிடுவீர்கள், இல்லையா? சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தசையையும் கல்லீரலையும் கூப்பிடும் குரல்தான் இன்சுலின். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர அவற்றின் காது மந்தமாகிறது. கணையம் இன்னும் உரக்கக் கத்துகிறது, அதாவது இன்சுலினை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தச் சத்தம் கழுத்துத் தோலின் செல்களிலும் விழுகிறது. அவை தேவையில்லாமல் பெருகித் தடித்துக் கறுக்கின்றன.

இந்தக் கட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கணையம் கத்திக் கத்திச் சமாளித்துக்கொண்டிருக்கிறதே! "சுகர் நார்மல்" என்று தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதன் தொண்டை கட்டிப்போகிற ஒரு நாள் வரலாம். அன்றைக்குத்தான் அதற்கு நீரிழிவு என்று பெயர். பூப்படையும் வயதில் இன்சுலினுக்குக் காது கொடுப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்ச காலம் குறையத்தான் செய்யும், பிறகு சரியாகிவிடும். அதன்மேல் கொழுப்பும் சேர்ந்துகொண்டால்தான் பாரம் இரட்டிப்பு. அதனால்தான் 11 வயது முதல் 17 வயது வரை கவனமாக இருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எடைபோடும் இயந்திரம் இதைக் காட்டாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்வைக்குப் பூசினாற்போல இருக்கும் நம் பிள்ளைக்கு உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதற்கு ஒரு நூல் போதும். பிள்ளையை நிற்கவைத்து உச்சி முதல் பாதம் வரை நூலைப் பிடித்து அறுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த நூலைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் முட்டினால் நல்லது. முட்டவில்லை என்றால், கழுத்திலும் கறுப்பு இருந்தால், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கல்லீரல், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுவார்.

சரி, என்ன செய்வது? முதலில் உடம்பை அசைப்பது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் கூப்பிடாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்கு அதன் காது கூர்மையாக இருக்கும். எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் இது நடக்கும். திரும்பவும் சொல்கிறேன், எடை குறையாவிட்டாலும் நடக்கும்.

அந்தப் பையனின் தகப்பனார் சொன்னார், "வருஷா வருஷம் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறோம் டாக்டர், இவனும் வருவான்." எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெறுங்காலில், காவடிக்குப் பின்னால், அத்தனை தூரம் நடக்கிற கால் அது! ஆனால் தைப்பூசத்துக்கு நடந்ததைத் தசை மாசி வரைக்கும் நினைவில் வைத்திருக்காது. அதன் கணக்கு இரண்டு நாள்தான். அதனால் தினமும் வேண்டும். 5 வயது முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

அந்த வலுப்பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கனத்த பிள்ளையை ஓடச் சொன்னால் கடைசியில்தான் வருவான், முழங்கால் வலிக்கும், மறுநாள் வரமாட்டான். அதே பிள்ளையிடம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கச் சொல்லுங்கள், ஒல்லிப் பையன்களை விட எளிதாகத் தூக்குவான். பலம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் அவனுக்கு முகம் மலரும். தண்டால், தோப்புக்கரணம், கிணற்றில் நீர் இறைப்பது எல்லாம் ஆகும். தோப்புக்கரணத்தைத் தண்டனையாக மட்டும் கொடுக்காதீர்கள், ஆசிரியர்களே. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். என்னிடம் வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் ஆடி மாதம் முடிந்த பிறகு மைதானத்தையே மிதிப்பதில்லை.

பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். சடங்கு சுற்றியதோடு சைக்கிளும் போய்விடுகிறது, விளையாட்டும் போய்விடுகிறது. பிறகு மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று வருகிறார்கள். பலருக்கு அதற்கும் வேர் இதே இன்சுலின்தான்.

அந்தப் பையன் டியூஷனுக்கு அம்மாவின் ஸ்கூட்டரில் போவதை விட்டுச் சைக்கிளில் போனான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் அவனும் ஊரணியைச் சுற்றி நடந்தார்கள். எட்டு மாதம் கழித்து வந்தபோது, "ஒன்றரைக் கிலோதானே குறைஞ்சிருக்கு" என்று ஆச்சிக்கு ஒரே வருத்தம். நூலை எடுத்தேன். முட்டியது. பின்கழுத்தைத் தடவிப் பாருங்கள் என்றேன். நிறம் முழுதாகப் போகவில்லை, ஆனால் தோல் மிருதுவாகியிருந்தது. மேல் பட்டன் திறந்திருந்தது.

அடுத்தது சாப்பாடு. செட்டிநாட்டுச் சமையலை நான் குறை சொல்லமாட்டேன். கத்தரிக்காய்க் கோசமல்லி, வெண்டைக்காய் மண்டி, கீரை, சுண்டல், மீன் என்று நல்லதெல்லாம் அதில் இருக்கிறது. பால் பணியாரமும் கந்தரப்பமும் நாள் கிழமைக்கு வந்தவை, இன்று பாக்கெட்டில் தினமும் கிடைக்கின்றன. கவுனி அரிசி நல்லதா என்று கேட்பார்கள். தவிடு நீங்காத அரிசி, நல்லதுதான். ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டிக் கிளறினால் அது விருந்துப் பண்டம், கஞ்சியாகவோ இட்லியாகவோ செய்யுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சம் கால் பங்கு சோறு, அவ்வளவுதான். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, ஆறு தேக்கரண்டிக்கு மேல். வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் அதை வீட்டுக்குள் விடாதீர்கள். வளரும் பிள்ளையைப் பட்டினியும் போடாதீர்கள்.

இவனுக்கு மட்டும் தனிச் சமையல் என்பதும் வேண்டாம். ஒரே உலையில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. தம்பிக்குப் பணியாரத்தை வைத்துவிட்டு அண்ணனுக்கு வெள்ளரிக்காய் வைத்தால் அவன் கடையில் போய்ச் சாப்பிடுவான். குண்டு என்று கூப்பிடுவதை அப்பத்தா முதல் அத்தை வரை எல்லோரும் விட்டுவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 வயது முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்கவேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலினுக்கு அந்தக் காது இன்னும் மந்தமாகும். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், அப்பாவின் போனும் சேர்த்துத்தான், முகப்பு மேசைக்குப் போகட்டும். பிள்ளை வீட்டுக்குள்ளே இரண்டாங்கட்டில் படுக்கட்டும். அப்புறம் குறட்டை விடுகிற பிள்ளையாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வணக்கம்.