செத்த ஆட்டிலிருந்து ஆய்வகத்துக்கு எதைக் கொண்டுபோவது?

வணக்கம் நண்பர்களே. மழை பெய்து புதுப்புல் தலைகாட்டியதும் செம்மறி வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "ராத்திரி நல்லா மேய்ஞ்சு வந்த குட்டி, காலையில செத்துக் கிடக்கு. லேப்ல கல்ச்சர் பண்ணினா தெரிஞ்சிடுமா?" கல்ச்சர் என்றால் மாதிரியில் இருக்கும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. சில நோய்களில் தெரியும், சிலவற்றில் கல்ச்சர் மட்டும் போதாது. எதை எடுத்துக் கொண்டுபோகிறீர்கள் என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் வழிந்து, அது உறையாமலும் இருந்தால் கத்தியைத் தொடவே தொடாதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். திறக்காத உடலுக்குள் இருக்கும் அடைப்பான் கிருமி, உடல் அழுகும்போது பெரும்பாலும் செத்துவிடும். அறுத்தால் காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்புவார். தொடங்குவதற்கு அது போதும்.

சரி, அடைப்பான் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் அடுத்த சந்தேகம் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய். கொழுகொழுவென்று இருக்கிற, நன்றாகத் தின்கிற குட்டியைத்தான் இது முதலில் கொண்டுபோகும். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா, டி வகை. காற்று இல்லாத இடத்தில் வளர்வது. அதனால் ஆக்சிஜன் நீக்கிய ஜாடிக்குள் வைத்து 37 டிகிரியில் வளர்ப்பார்கள். பிளட் அகாரில், அதாவது கிருமி வளர்க்க ரத்தம் கலந்து செய்த தட்டில், வளர்ந்த கிருமித் திட்டைச் சுற்றி இரட்டை வளையமாக ரத்தம் கரைந்திருக்கும். பார்க்க அழகான தட்டு. (அந்த அகாரில் கலப்பதும் பெரும்பாலும் செம்மறி ரத்தம்தான்!)

ஆனால் அந்த அழகான தட்டு துள்ளுமாரியை நிரூபிக்காது. இந்தக் கிருமி ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் இருக்கும். செத்த பிறகு சில மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவியும் விடும். திருட்டு நடந்த தெருவில் குடியிருப்பவன் எல்லாம் திருடனா? ஆட்டைக் கொல்வது அது உண்டாக்கும் எப்சிலான் நச்சு. குடலுக்குள் இருப்பதில் அந்த நச்சு இருக்கிறதா என்று எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். ஆகவே கல்லீரல் துண்டை மட்டும் கொண்டுபோனால் பாதி வேலைதான் நடக்கும். சிறுகுடலின் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் கட்டி, உள்ளிருப்பதோடு வெட்டி, செத்த சில மணி நேரத்துக்குள் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். தாமதமானால் நச்சு சிதைந்துவிடும். சிறுநீர்ப்பையில் நீர் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். அதில் சர்க்கரை தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

நிமோனியாவிலும் இதே தலைவலி. அதை உண்டாக்கும் மான்ஹைமியா, பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாக்கள் இரண்டும் நல்ல ஆட்டின் மூக்கு, தொண்டையிலேயே குடியிருப்பவை. எனவே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த கல்ச்சரில் அவை வளர்ந்தாலும் நான் பெரிதாக நம்பமாட்டேன். நுரையீரலில் கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்துத் துண்டு வேண்டும். ஆய்வகத்தில் அதன் மேற்பரப்பைச் சூடான கத்தியால் சுட்டுவிட்டு உள்ளிருந்து எடுப்பார்கள். பிளட் அகாரில் மான்ஹைமியா ரத்தத்தைக் கரைக்கும், பாஸ்டுரெல்லா மல்டோசிடா கரைக்காது. மல்டோசிடா, மெக்காங்கி அகார் என்ற இன்னொரு வகைத் தட்டில் பொதுவாக வளரவே வளராது.

பலரும் தடுக்கி விழுகிற இடம் ஃபார்மலின், திசு கெடாமல் இருக்கப் போடும் திரவம். கல்ச்சருக்குப் போகும் துண்டை அதில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் எதுவும் வளராது. ஃபார்மலின் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, அது தனிப் பாட்டிலில் போகட்டும். கல்ச்சர் துண்டைக் குளிரில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள். உடல் ஏற்கெனவே அழுகியிருந்தால் கால் எலும்பை உடைக்காமல் முழுசாக அனுப்பலாம், உள்ளே மஜ்ஜை கொஞ்சம் தாமதமாகத்தான் கெடும்.

இன்னொன்று, பட்டியில் நோயோடு நிற்கும் ஆட்டிலிருந்து மாதிரி எடுப்பதானால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் மருந்தின் பெயரையும் போட்ட நாளையும் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். கிருமி வளர்ந்தால் எந்த மருந்து கேட்கும் என்று மருந்து தோய்ந்த வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு இன்னும் ஒரு நாள் ஆகும். அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.