பக்கத்து வீட்டுக் கையெழுத்து

(பினாங்கில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் டத்தோ அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலய நிர்வாகத்தினரே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நம் அழைப்பை ஏற்றுச் சூராவ் என்னும் சிறு தொழுகை மண்டபத்திலிருந்து வந்திருக்கும் துவான் ஹாஜி அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். துவான் ஹாஜி தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். மஃரிப் தொழுகைக்கு அவர் திரும்ப வேண்டும், அதற்குள் முடித்துவிடுகிறேன். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த டத்தோ அவர்களுக்கு உங்கள் எல்லார் சார்பிலும் நன்றி.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பேசச் சொன்னார்கள். உலகம் முழுவதையும் அளக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நம் மலேசியாவும், நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தோனேசியாவும்தான். சட்டம், பள்ளிக்கூடம், அண்டை வீடு என்று மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி முறைத்துக்கொள்ளும்போது சொல்கிற பழமொழி இது. என் தாயார் இதை வேறு மாதிரி சொல்வார். தீபாவளிக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, குடும்பத்துக்கென்று தனியாக எடுத்துவைத்த சட்டி பானையைப் பரணிலிருந்து இறக்குவார். மலாய்க்காரர் கடையில் கோழி வாங்கி வந்து அதில்தான் சமைப்பார். நோன்புப் பெருநாள் வந்தால் மக்சிக் எங்களுக்காக மாட்டு ரெண்டாங் கறியை ஒதுக்கிவிட்டுக் கோழி ரெண்டாங் வைத்திருப்பார். "எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்று கேட்டால், "வாயும் வயிறும் வேறடா, அதுக்காக வாசலை அடைச்சிக்க முடியுமா?" என்பார். என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரிதான்.

முதலில் சட்டம். நம் அரசியலமைப்பின் 3வது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்ற சமயங்களையும் அமைதியோடு பின்பற்றலாம் என்று அதே வாக்கியத்தில் சொல்கிறது. 11வது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. இந்தோனேசியாவின் கதை இன்னும் சுவையானது. 1945இல் சட்ட வரைவின் முன்னுரையில், முஸ்லிம்கள் ஷரியத்தின்படி நடக்கும் கடமையைச் சொல்லும் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குப் பகுதிக் கிறிஸ்தவர்கள் தயங்கினார்கள். சுதந்திரம் அறிவித்த மறுநாள், ஆகஸ்டு 18, சுதந்திரத் தலைவர் ஹத்தா முஸ்லிம் தலைவர்களிடம் பேசி அந்த ஏழு சொற்களையும் நீக்கச் செய்தார். விட்டுக்கொடுத்தவர்கள் பெரும்பான்மையினர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலை வடிவமைத்த சிலாபான் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரே பேராலயம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று பேராலயத்துக்கு வருகிறவர்கள் பள்ளிவாசல் வளாகத்தில்தான் கார்களை நிறுத்துகிறார்கள்.

சரி, இப்போது ஒரு கதை சொல்ல வேண்டும். போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன். ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு ஜாவாவில் மொஜோகெர்த்தோ என்று ஒரு சிறு நகரம். 2000ஆம் ஆண்டு, டிசம்பர் 24, இரவு. எபென் ஹேசர் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை. வாசலில் காவலுக்கு நின்றவர்கள் நஹ்தலத்துல் உலமா என்ற மாபெரும் முஸ்லிம் அமைப்பின் இளைஞர்கள். பன்செர் என்பது அவர்களுடைய தொண்டர் படை. கிறிஸ்துமஸ் இரவில் தேவாலயங்களுக்குக் காவல் நிற்பதைத் தங்கள் கடமையாகச் செய்கிறவர்கள். அவர்களில் ஒருவர் ரியந்தோ. வயது 25. தோட்டத்தில் நாம் பார்த்த அண்ணன்மாரைப் போல ஓர் எளிய வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தில் கேட்பாரில்லாமல் ஒரு பொட்டலம் கிடந்தது. ரியந்தோ பிரித்துப் பார்க்கிறார். உள்ளே கம்பிகள். தேவாலயத்துக்குள் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது, குழந்தைகள், கிழவிகள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "தியாராப்!" என்று கத்தினார். குப்புறப் படுங்கள் என்று பொருள். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம். அது அவர் கையிலேயே வெடித்தது.

அந்த இரவில் இந்தோனேசியாவின் பல நகரங்களில் தேவாலயங்களைக் குறிவைத்துக் குண்டு வைத்தார்கள். வைத்தவர்களும் தங்களை முஸ்லிம்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தூக்கிக்கொண்டு ஓடியவரும் முஸ்லிம்தான். இவர்களில் யாரை வைத்து ஒரு சமூகத்தை எடைபோடுவீர்கள்? நான் ரியந்தோவை வைத்துத்தான் எடைபோடுவேன். மொஜோகெர்த்தோவில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்களின் வேதம் வேறு, பாட்டு வேறு, பண்டிகை வேறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வேறாக இருந்தவர்களுக்காகத்தான் அந்தப் பிள்ளை ஓடினான்.

அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது. போகோர் நகரில் யாஸ்மின் தேவாலயத்துக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு வந்ததும் 2008இல் நகர நிர்வாகம் அதை முடக்கியது. 2010இல் கட்டடத்துக்கே முத்திரை வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. நகராட்சி திறந்துவிடவில்லை. அந்த மக்கள் தலைநகருக்கு வந்து, அதிபர் மாளிகைக்கு எதிரே வெயிலிலும் மழையிலும் நின்று ஞாயிறு ஆராதனை நடத்தினார்கள், ஆண்டுக்கணக்கில். 2023இல்தான் ஒரு கட்டடம் கிடைத்தது, அதுவும் வேறோர் இடத்தில். கையில் தீர்ப்பு இருந்தும் வாசல் திறக்கவில்லை. நம் நாட்டிலும் கண்டோம். ஈப்போவில் இந்திரா காந்தி என்ற தாய்க்கு 2018இல் கூட்டரசு நீதிமன்றம் நியாயம் சொன்னது. பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றது. தீர்ப்புக்குப் பிறகும் அந்த அம்மா, முன்னாள் கணவர் கொண்டுபோன மகளை ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தார். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இந்தோனேசியாவில் 2006இல் ஒரு விதி வந்தது. வழிபாட்டுத் தலம் கட்ட வேண்டுமானால், வழிபடுகிறவர்கள் 90 பேரின் அடையாள அட்டை வேண்டும். அதோடு, அந்த வட்டாரத்து மக்கள் 60 பேர் ஆதரவாகக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பான்மையினருக்கு இது ஒரு சிரமமே இல்லை. சிறுபான்மையினர்தான் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும். கடவுளைக் கும்பிட அடுத்தவர் கையெழுத்து எதற்கு? அந்த விதி போக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் தாமான் குடியிருப்பில் எனக்காகக் கையெழுத்துப் போட 60 பேர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் தெரிந்தவர்களே ஒன்பது பேர்தான்.

டத்தோ அவர்களே, இதனால்தான் மூன்று ஆண்டுகளாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இன்று அது கூடாரமாகிவிட்டது. ஆயிரம் பேர், மேடை, பேனர், படம் பிடித்தல், போய்விடுதல். யாரும் யாருடைய வாசற்படியையும் மிதிப்பதில்லை. நான் கேட்பது இரண்டு குடும்பம், ஒரு பாய், மக்சிக்குக்கென்று ஒரு தனிச் சட்டி. "சமையல் சரியாக இருக்குமோ" என்று அவர்கள் தயங்கினால் கோபப்படாதீர்கள். ஹலால் கடையில் வாங்கி வந்து பொட்டலத்தோடு வையுங்கள். வாயும் வயிறும் வேறுதானே. இங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் சீனக் கோயிலும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் ஒரே தெருவை ஒட்டி இருப்பதைச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். கட்டடங்கள் ஏறக்குறைய 200 ஆண்டாக அக்கம்பக்கமாக இருக்கின்றன. நாம் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைமையாசிரியை அம்மா மன்னிக்க வேண்டும்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இந்தத் தீபாவளிக்கு நீங்கள் அழைக்கப்போகும் இரண்டு அண்டை வீட்டார் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள். பெயர் தெரியாதவர்கள் இன்று இரவு கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு, நாளை ஆலய அலுவலகத்தில் எழுதலாம். முதல் பக்கத்தில் துவான் ஹாஜி தம் வீட்டு எண்ணை ஏற்கெனவே எழுதிவிட்டார்.

நன்றி, வணக்கம்.