சும்மா இருக்கத் தெரிந்த நடிகர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹேரி டீன் ஸ்டான்டன் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண், தூக்கம் கெட்டவர் போன்ற முகம். ஹாலிவுட் படம் பார்க்கிற பழக்கமிருந்தால், ஆளைப் பார்த்ததும் ‘அட, இவரா!’ என்பீர்கள்.

1926இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்து, ஒகினாவா சண்டையைப் பார்த்தவர். 1950களில் நடிக்க வந்தார். திருடன், கைதி, கௌபாய் கும்பலில் ஒருவன் என்று வருஷக்கணக்கில் துண்டு துண்டு வேடங்கள்தான்.

திருப்பம் என்றால் அது நண்பரும் நடிகருமான ஜாக் நிக்கல்சனால் வந்தது. 1960களின் நடுவில் நிக்கல்சன் எழுதிய ஒரு கௌபாய் படத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவன் வேடம். ஒரு கண்ணில் பட்டை, தலையில் வட்டத் தொப்பி. “நீ ஒன்றும் செய்யாதே, மிச்சத்தை உடுப்பு பார்த்துக்கொள்ளும்” என்றாராம் நிக்கல்சன். ஸ்டான்டன் அந்த அறிவுரையைக் கடைசிவரை விடவில்லை.

1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தைப் பாருங்கள். விண்கலத்தில் எஞ்சின் வேலை பார்ப்பவர், காணாமல்போன பூனையைத் தேடிப் போகிறார். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி, அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறார். வேலை செய்து களைத்த மனுஷன், அவ்வளவுதான். அடுத்து அவருக்கு நேர்வது நம்மை உலுக்குகிறது என்றால், அந்தச் சில நொடிகள்தான் காரணம் என்பேன்.

முதல் கதாநாயக வேடம் கிடைத்தபோது வயது 57. விம் வெண்டர்ஸ் இயக்கிய ‘பாரிஸ், டெக்சஸ்’. பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறவர் முதல் 20 நிமிடங்களுக்கு மேல் வாயே திறப்பதில்லை. அப்புறம் கடைசியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியிடம் தன் கதையை யாரோ ஒருவன் கதைபோலத் தொலைபேசியில் சொல்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்கிறார். குரல் உயர்வதே இல்லை. 1984இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை அந்தப் படத்துக்குத்தான்.

சரி, அதோடு நாயகனாகிவிட்டாரா என்றால் இல்லை. திரும்பவும் சின்ன வேடங்கள். ஸ்டான்டன் துணை வேடத்தில் இருக்கும் படம் முழுக்க மோசமாக இருக்காது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே எழுதிவைத்தார். பிறகு அதற்கு விதிவிலக்கு ஒன்றையும் அவரே கண்டுபிடித்தார், அது வேறு விஷயம்.

2017 செப்டம்பர் 15இல், 91 வயதில் காலமானார். அடுத்த இரண்டு வாரத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ‘லக்கி’; மறுபடி நாயகன். பிறந்தநாள் விருந்தொன்றில் ஸ்பானிய மொழிப் பாட்டு ஒன்றை அவரே பாடுகிறார். ஸ்டான்டனைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.