கேமராவும் கூடவே ஓடுகிறது

நேயர்களுக்கு வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை உங்களில் சிலர் பள்ளியில் நான்-டீடெயிலாகப் படித்திருப்பீர்கள். 1860 டிசம்பரில் தொடங்கி 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை அது. அதை 1946-இல் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் படமாக்கினார். கறுப்பு வெள்ளைப் படம்.

அதன் முதல் சில நிமிடங்களை எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கில்லை. ஆற்றங்கரைச் சதுப்பு நிலம், தூக்குமரங்கள், காற்று. சின்னப் பையன் பிப் தனியாக ஓடி வருகிறான். கையில் பூங்கொத்து. கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதிக்கிறான். அம்மா அப்பாவின் கல்லறையில் மண்டிக்கிடக்கும் பழைய ரோஜாச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்ணைத் தட்டிச் சமன் செய்து பூவை வைக்கிறான். அந்தத் தட்டலைக் கவனியுங்கள், அவ்வளவு பொறுப்பு அந்தப் பிஞ்சுக் கையில்! மரம் கிறீச்சிடுகிறது. இலையில்லாத கிளைகள் எலும்புக் கைகளாய்த் தெரிகின்றன. இருட்டில் தனியாக வீடு திரும்பிய எவருக்கும் இந்தப் பயம் தெரியும். எழுந்து ஓடுகிறான். கேமராவும் கூடவே ஓடுகிறது. ஓடிய வேகத்தில் ஒரு முரட்டுக் கைதியின் பிடியில் போய் விழுகிறான்!

நாவலில் முதலில் வருவது குரல். “சத்தம் போடாதே” என்ற அதட்டல். அதன் பிறகுதான் கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஆள் எழுகிறான். லீன் அந்த வரிசையை மாற்றினார். முதலில் மோதல், அப்புறம்தான் பேச்சு. கேமரா பையனோடு ஓடியதால் நாமும் சேர்ந்து மோதுகிறோம். மறுபடியும் சொல்கிறேன், நாமும் மோதுகிறோம். வரிக்கு வரி எடுத்திருந்தால் இந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது. டிக்கன்ஸ் வாசகருக்குத் தந்த நடுக்கத்தை லீன் கண்வழியே தந்தார். ஒளிப்பதிவாளர் கை கிரீனுக்கு (Guy Green) ஆஸ்கர் கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான்.

கல்யாணம் நின்றுபோன நாளிலிருந்து வெயிலே படாமல் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் பணக்கார மிஸ் ஹேவிஷாமின் வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிக்கன்ஸ் முதலில் பிப்பும், அவன் காதலிக்கும் ஹேவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவும் பிரிவதாக எழுதி, நண்பர் ஒருவர் சொன்னதால் மாற்றினார். நாவலில் கடைசியில் அந்த வீடே இடிபட்டுக் கிடக்கும். படத்தில் வீடு நிற்கிறது. ஹேவிஷாமின் நாற்காலியில் எஸ்டெல்லா. பிப் பாய்ந்து போய்ப் பழைய திரைச்சீலைகளைக் கிழித்து இழுக்கிறான். பல வருஷம் அடைபட்ட அறைக்குள் வெயில் விழுகிறது.