மறைக்காத கைகள்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் கரையில் 26 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாடலிங் போட்டியில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். மாடல் அழகி டைரா பேங்க்ஸ் 2003இல் தொடங்கிய ‘அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்’ என்ற அந்தப் போட்டியை நான் பார்த்ததே ஒரு பெண்ணுக்காகத்தான். அவர் கனடாவைச் சேர்ந்த வின்னி ஹார்லோ. முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி படர்ந்தவர்.

வெண்புள்ளி என்றே சொல்கிறேன், கவனியுங்கள். நம் பக்கத்தில் இன்னமும் அதை வெண்குட்டம் என்பவர்கள் உண்டு. தொழுநோய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதால் வருவது அது; தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது.

என் வகுப்பில், கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தாயின் மகள் படித்தாள். அவளுடைய விரல் நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தவை போல வெளுத்திருக்கும். கரும்பலகையில் எழுத அழைத்தால், தாவணி முனையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தத் துணிக்குள்ளிருந்தே சாக்கட்டியைப் பிடிப்பாள். ஆண்டு விழாக் கும்மியில் அவள் கையோடு கைதட்ட எவரும் முன்வராததால், அவளைத் திரைக்குப் பின்னே நிறுத்திவிட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. மறுபடியும் சொல்கிறேன், அது ஒட்டாது.

வின்னிக்கு வருவோம். 2014இல் நடந்த அப்போட்டியின் 21ஆம் பருவத்தில் அவர் வெளியேற்றப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டு, மறுபடியும் வெளியேற்றப்பட்டார். பட்டம் கீத் கார்லோஸுக்குப் போனது. அப்போட்டியில் வென்ற முதல் ஆண் அவர். ஆனால் 2018இல், உலகமே பார்க்கும் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற உள்ளாடை நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பு மேடையில், புள்ளிகளை மறைக்காமல் நடந்தவர் வின்னி. சென்ற பொங்கலுக்கு என்னைப் பார்க்க வந்த அந்த மாணவிக்கு அந்த நடையைக் கைப்பேசியில் காட்டினேன். அவள் உடையையோ முகத்தையோ பார்க்கவில்லை. வின்னியின் கைகளையே பார்த்தாள். “இன்னொரு தடவை போடுங்க டீச்சர்” என்றாள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நைல் டிமார்கோவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காது கேளாத அந்த இளைஞர் 2015இல் அதே மாடலிங் போட்டியின் 22ஆம் பருவத்தின் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியின் நடனப் போட்டி ஒன்றிலும் வென்றார். வணக்கம்.