அவளுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு: முதல் காதல் படங்களைப் பற்றி

வணக்கம் நண்பர்களே. பருவ வயதின் முதல் காதலைச் சொல்லும் படங்களில், அந்தப் பிள்ளை தன்னைத் தானே அறிந்துகொள்ளும் இடம் எது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பலரும் அதை முதல் முத்தத்திலோ, தயங்கித் தயங்கிக் காதலைச் சொல்லிவிடும் காட்சியிலோ, பிரிவிலோ தேடுகிறார்கள். என் எண்ணம் வேறு. தான் விரும்புகிறவருக்குத் தன்னைச் சாராத ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பது உறைக்கிற நொடியில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. அந்த நொடி இல்லாத படம் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் வெறும் காதல் கதையாகவே நின்றுவிடுகிறது.

பாலு மகேந்திரா தாமே ஒளிப்பதிவும் செய்து 1979இல் இயக்கிய ‘அழியாத கோலங்கள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்வயதுச் சிறுவர்கள் மூவர். அவர்களுடைய பள்ளிக்கு ஆசிரியையாக வரும் இந்துமதி, அதாவது ஷோபா. அந்த வயதுக்குரிய குறுகுறுப்பையும் திருட்டுத்தனத்தையும் படம் ஒளிக்கவில்லை, அதற்காக அவர்களைக் கண்டிக்கவும் இல்லை. ஆனால் இந்துமதிக்கென்று ஒருவர் இருக்கிறார் என்பது தெரியவரும்போது (பிரதாப் போத்தன் ஏற்ற பாத்திரம் அது) அவர்களின் கனவுக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் அவளுடைய வாழ்க்கையில் வெளியாட்களாக இருந்தவர்கள் அந்தச் சிறுவர்கள்தான். இதை வசனம் போட்டு விளக்காமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். மூவரில் ஒருவன் ஆற்றில் மூழ்கி இறந்துபோவதும் இதே படத்தில்தான். ஆசையும் சாவும் ஒரே பருவத்தில் அந்தப் பிள்ளைகளை வந்தடைகின்றன.

எனக்கு ஒரு குறையும் உண்டு. வளர்ந்துவிட்ட கௌரிசங்கராகக் கமல் ஹாசன் நினைவுகூர்வதாகவே கதை விரிகிறது. பிள்ளை தேறிவிட்டான், பெரியவனாகிவிட்டான் என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால், வலியின் மீது மெல்லிய இனிப்பு படிந்துவிடுகிறது. நினைவுகூரும் பெரியவர்களின் குரலில் சொல்லப்படும் முதல் காதல் கதைகள் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன.

2017இல் லூகா குவாடாக்னினோ இயக்கிய ‘கால் மீ பை யுவர் நேம்’ இதற்கு நேரெதிரான முடிவை எடுத்தது. ஆந்த்ரே ஆசிமனின் 2007ஆம் ஆண்டு நாவலில், கதைசொல்லியான எலியோ நெடுங்காலம் கழித்தே எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்கிறான். கதையும் பல ஆண்டுகள் முன்னே செல்கிறது. திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் ஐவரி அதற்காகத் தமது 89ஆம் வயதில் ஆஸ்கர் விருது பெற்றார். படமோ 1983ஆம் ஆண்டுக் கோடையில் வட இத்தாலியில் தொடங்கி, அதே ஆண்டின் பனிக்காலத்தோடு நின்றுவிடுகிறது. பதினேழு வயது எலியோவைத் தொலைபேசியில் அழைக்கும் அவனுடைய காதலன் ஆலிவர், தனக்குத் திருமணம் நிச்சயமாகப்போவதைச் சொல்கிறான். எலியோ கணப்படுப்பின் முன் குந்துகிறான். ஒளிப்பதிவுக் கருவி அவன் முகத்தைவிட்டு அசையாமல் நிற்க, பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது. அவனுக்குப் பின்னால், மங்கலாக, உணவு மேசையை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். வீட்டு வேலை எதுவும் அவனுக்காக நிற்கவில்லை. அவன் அழுகிறான், இடையே லேசாகச் சிரிக்கவும் செய்கிறான். கடைசியில் தாய் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் திரும்புகிறான். பிறகு என்ன ஆனான் என்பதை அந்தப் படம் நமக்குச் சொல்வதில்லை. இருவருக்கும் இடையிலுள்ள ஏழு வயது இடைவெளியைப் பற்றிய விமர்சனங்கள் நியாயமானவையே. ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியின் நேர்மையை அவை குறைத்துவிடுவதாக நான் கருதவில்லை.

இவ்வகைப் படங்களில் கண்டறிகிறவர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார். பெண் கண்டறியப்படும் பொருளாகிவிடுகிறாள். அந்த வகையில் கிரெட்டா கெர்விக் இயக்கிய, அதே 2017இல் வந்த ‘லேடி பேர்ட்’ எனக்கு மிகவும் நெருக்கமானது. நாயகியின் முதல் காதலன் டேனி வேறொரு பையனை முத்தமிடுவதை அவள் பார்த்துவிடுகிறாள். ஏமாற்றத்தில் அவள் கோபம் கொள்வதை எந்தப் படமும் காட்டியிருக்கும். சில காட்சிகளுக்குப் பிறகு டேனி அவளைத் தேடி வந்து, யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சி உடைந்து அழும்போது, அவள் அவனை அணைத்துக்கொள்கிறாள். தன்னுடைய அவமானத்தைவிடப் பெரியதொரு அச்சம் எதிரே நிற்பவனிடம் இருப்பதை அவள் அப்போதுதான் காண்கிறாள். கதாநாயகன் வரும்போது மெதுவாகச் சுழலும் மின்விசிறியும் பறக்கும் துப்பட்டாவும் செய்ய முடியாத வேலையை அந்த ஓர் அணைப்பு செய்துமுடிக்கிறது.

இந்த மூன்றில் எதையும் பார்க்காதவர்கள் ‘லேடி பேர்ட்’ படத்திலிருந்து தொடங்கலாம், அதில் சிரிப்பும் நிறைய இருக்கிறது. பார்த்தவர்கள், டேனி அழும் அந்தக் காட்சியில் அவளுடைய கைகளை மட்டும் இன்னொருமுறை கவனித்துப் பாருங்கள்.